ஐந்து நிமிடப் பேச்சில் ஒரு வீடு

"உங்க பையனைப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க. அவர் எப்படிப்பட்டவர், நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழகறீங்க, அது போதும். நடுவுல நான் பேச மாட்டேன்."

ஈரோட்டுப் பக்கம் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் நான், புதிதாக வரும் குடும்பத்திடம் இப்படித்தான் ஆரம்பிப்பேன். சிகிச்சைக்கு வந்தவரை டாக்டரைப் பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டாரிடம் ஒவ்வொருவராகத் தனியே கேட்பேன்.

கோபி பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து வந்த ஓர் அம்மா பேசியதைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"என்ற பையன் தங்கமுங்க. ஒரு சொல் எதிர்த்துப் பேச மாட்டான். காலேஜ் ரெண்டாம் வருசத்துல இந்தச் சீக்கு வந்துச்சு. அதுலிருந்து நான் ஒரு கல்யாணம் காச்சின்னு போனதில்லீங்க. அவன் தூங்கினாத்தான் நான் தூங்குவேன். ராத்திரி மூணு தரம் எந்திரிச்சு மூச்சு வருதான்னு பார்ப்பேன். சோத்தைப் பெசஞ்சு குடுக்கறதும் நான்தான், சட்டை எடுத்து வெக்கறதும் நான்தான். எனக்கப்புறம் இவனுக்கு ஆருங்க இருக்கறாங்க?" நான்காவது நிமிடம் அழுதுவிட்டார்.

அடுத்து அப்பா. அவருக்கு ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. "சோம்பேறித்தனமுங்க. மனசு வெச்சா எந்திரிக்கலாம். நாலு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கறன், ஒரு நாள் வரப்புல வந்து நின்னதில்லை. சீக்குன்னு ஒரு பேரைச் சொல்லிட்டுப் படுத்துக்கறான்."

பையனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மூன்று வருடத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்திருந்தார்கள். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அம்மா தவற விட்டிருக்கவே மாட்டார். அப்படியிருந்தும் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இதே கேள்வியோடு 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் உட்கார்ந்தார். மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை அவருடைய குழு பின்தொடர்ந்து பார்த்தது. பெற்றோரிடமோ கணவன், மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறையிலோ அண்ணன், அக்கா வீட்டிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். பாசம் அதிகமுள்ள இடத்தில் நோய் அதிகம் திரும்புகிறது என்றால் அங்கே என்ன நடக்கிறது? வீட்டாரைப் பேசவைத்து, பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்ன சொன்னார்கள் என்பதோடு எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையும் குறித்தார்கள். குறை சொல்லுதல், வெறுப்பு, அளவு மீறிய ஒட்டுதல், இதம், பாராட்டு என்று ஐந்து விஷயங்களைத் தேடினார்கள். இதைத்தான் எங்கள் துறையில் 'எக்ஸ்பிரஸ்ட் எமோஷன்' என்கிறோம். பேச்சில் வெளிப்படுகிற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. முதல் மூன்றில் ஏதாவது ஒன்று தூக்கலாக இருந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒன்பதே மாதத்தில் நோய் திரும்பியது. அவை குறைவாக இருந்த வீடுகளில் நூற்றுக்கு 13 பேர்தான். தூக்கலான வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருப்பதும், மாத்திரை இல்லாமல் இருப்பதும் சேர்ந்துவிட்டால் நிலைமை மிக மோசமானது. நான் மேலே கேட்ட ஐந்து நிமிடக் கேள்வியும் 1986-ல் இந்த ஆராய்ச்சி வழியில் வந்ததுதான்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கிற எந்த அம்மாவும் "அப்ப என்னாலதான் வந்துச்சா" என்று நினைக்கக் கூடாது. வீட்டுப் பேச்சு மனச்சிதைவு நோயை உண்டாக்குவதில்லை. அது மூளை சம்பந்தப்பட்ட நோய். பரம்பரை உட்படப் பல காரணங்கள் சேர்ந்து வருவது. ஒரு காலத்தில் தாய்மார்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய கோட்பாடுகள் இருந்தன. அவை தவறு என்று ஒதுக்கப்பட்டு வெகு காலம் ஆகிறது. அதோடு, அந்த அம்மாவின் பதற்றமும் அப்பாவின் எரிச்சலும் நோயைச் சுமந்து சுமந்து வந்தவைதான். ஐந்தாறு வருடம் தூக்கமில்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொண்டால் யாருக்கும் குரல் மாறும். வந்த நோய் அடங்கிக் கிடப்பதற்கும் மறுபடி கிளம்புவதற்கும் நடுவே வீட்டுப் பேச்சுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மாற்றிக்கொள்ளக் கூடிய பங்கு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கொங்குப் பேச்சுக்கு வருகிறேன். 'ங்க' போட்டுப் பேசுகிற மரியாதைக்கு ஊரெல்லாம் நமக்குப் பெயர். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று வந்தவர்களை நடத்துகிறோம். குழந்தையைக்கூட "கண்ணு", "சாமி", "அம்மிணி" என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அதே 'ங்க' கோபத்தில் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பையனின் அப்பா அவனோடு பேசுவதில்லை. காலை ஒன்பது மணிக்கு, அவன் காதில் விழும்படி மனைவியிடம் கேட்பார்: "தொரை எந்திரிச்சுட்டாருங்களா?" இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தால் ஒரு வசவுச் சொல் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் மகனை மூன்றாம் மனிதனாக்கி வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்தப் பையன் என்னிடம் சொன்னான்: "அப்பா திட்டினாக்கூடப் பரவாயில்லைங்க. வாடா போடான்னு சொன்னா எனக்கு நல்லாருக்கும்."

அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் குரலைக் குறித்தார்கள். எழுத்தில் பிடிபடாத குறை, குரலில் பிடிபடும்.

அம்மாவின் பேச்சு இன்னும் நுட்பமான விஷயம். மேல்நாட்டு அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் நம் ஊர் அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் 'அளவு மீறிய ஒட்டுதல்' பட்டியலில்தான் வருவார்கள் என்று தோன்றும். "என்ற உசுரே அவன்தான்" என்பது நம்மிடம் அன்றாடப் பேச்சு. 20 வயது மகனுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுப்பதை நோய் என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். ஆனால் சண்டிகரில் நடந்து 1987-ல் வெளியான ஆய்வில், இப்படி உணர்ச்சி தூக்கலாகப் பேசுகிற குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நகரத்தைவிடக் கிராமத்தில் இன்னும் குறைவு. நம் பழைய தோட்டங்களிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆத்தா, அப்பாரு, சித்தப்பன் என்று பத்துப் பேர் புழங்கும் வீட்டில் அக்கறை பத்தாகப் பிரிந்துவிடும். சீக்காளிக்கும் ஓட்டிக்கொண்டு போக நாலு ஆடு இருக்கும். இன்றைக்கு எத்தனை தூரம் போனான் என்று யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இப்போது பல வீடுகளில் ஒரே பிள்ளை. அவனை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் போட்டு, கடன் வாங்கி இன்ஜினியரிங் சேர்த்து, மொத்தக் குடும்பத்தின் ஆசையையும் அவன் ஒருவன் தலையில் ஏற்றிவைக்கிறோம். நோய் வரும்போது மொத்தக் குடும்பத்தின் வெசனமும் அவன் மேலேயே இறங்குகிறது.

நான் அந்த அம்மாவிடம் பாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு நாளில் மகனிடம் பேசுகிற வாக்கியங்களைக் கேட்டு எழுதினேன். "சாப்பிட்டயா, மாத்திரை போட்டயா, தூங்கினயா, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது, மறுபடி அந்தச் சத்தம் கேக்குதா, எங்க போற, சீக்கிரம் வந்துருவியா." எழுதி முடித்ததும் அவரிடமே படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாமே கேள்வியாவே இருக்குதுங்க" என்றார்.

ஆமாம். நோயைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த வீட்டில் அவனோடு யாரும் பேசவில்லை. சினை மாடு கன்று போட்டதை அவனிடம் சொல்லவில்லை. மஞ்சள் விலை ஏறினதைச் சொல்லவில்லை. மாமன் மகள் கல்யாணப் பத்திரிகையை அவன் கண்ணில் படாமல் எடுத்துவைத்திருந்தார்கள், வெசனப்படுவான் என்று.

அதனால் முதல் மாதத்துக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது, கேள்வி இல்லாத பேச்சு. "இன்னைக்குக் கூதலா இருக்குது" என்றால்கூடப் போதும். மாத்திரையைப் பற்றி இரவு ஒரே ஒரு தடவை, ஒரே வாக்கியத்தில்.

அப்பாவிடம் வேறு வழியில் போக வேண்டியிருந்தது. நோயாளி வேண்டுமென்றே செய்கிறார் என்று நம்புகிற உறவினர்தான் அதிகமாகக் குறை சொல்கிறார் என்பது இந்தத் துறையில் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மனச்சிதைவில் காதில் குரல் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் நோய் என்று வீட்டார் ஒப்புக்கொள்வார்கள். எழுந்திருக்க மனம் வராமல் கிடப்பது, குளிக்காமல் இருப்பது, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது இவையும் அதே நோயின் பாகம் என்பதைத்தான் யாரும் நம்புவதில்லை. பல் விளக்க எழுவதுகூட மூட்டை தூக்குவது போல அவனுக்குக் கனக்கிறது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஒரு முறை, நான் மூன்று முறை சொன்ன பிறகு, "அப்ப அவன் ஏமாத்தலைங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குரல் உடைந்திருந்தது. மகன் தன்னை ஏமாற்றுகிறான் என்ற எண்ணத்தோடு இத்தனை வருடம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கு நான் கொடுத்தது ஒரு வாக்கியம். மனைவி வழியாகப் பேசாமல், நேராக, பெயர் சொல்லி, செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கேட்பது. "நாளெல்லாம் படுத்தே கெடக்கறயே" என்பதில் அவன் செய்வதற்கு எதுவும் இல்லை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த வால்வை மட்டும் திருப்பி விடறயா கண்ணு" என்பதில் இருக்கிறது. முதல் வாரம் இரண்டு நாள் செய்தான். செய்யாத ஐந்து நாளைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய பயிற்சி.

இது மனச்சிதைவுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. மனச்சோர்விலிருந்து தேறியவர்களைப் பற்றி ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் இருவரும் 1989-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களிடம், "உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு 1 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னார்கள். நோய் திரும்புமா என்பதை மற்ற அளவுகளைவிட அந்த ஒற்றை எண் நன்றாகக் காட்டியது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டேன். ஒன்பது என்றார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் அதிர்ந்துபோனார். "இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை திட்டினதில்லைங்க நான்" என்றார். உண்மைதான், திட்டியதில்லை. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "சோறு போட்டு வெச்சதும் ஒரு வாய் தின்னுட்டு, 'ம்'முன்னு ஒரு சத்தம் வருமுங்க. அன்னைக்குப் பூரா எனக்கு அதுதான் காதுல இருக்கும்."

அப்புறம் ஒரு விஷயம். பேச்சை மாற்றிக்கொண்டோம் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களும் தங்களுக்காக அதே எண்ணைக் கூப்பிடலாம்.

கோபிக்காரர்களை அடுத்த வருடம் அதே மாதத்தில் மறுபடி உட்காரவைத்து அதே ஐந்து நிமிடத்தைக் கேட்டேன். இடையில் ஒரு முறை டோஸ் கூட்ட வேண்டிவந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. அம்மா பேசினார்.

"இப்பப் பரவாயில்லைங்க. சாயங்காலம் தண்ணி பாச்சறது அவன்தான். போன மாசம் எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அவன் கையிலயே குடுத்தேன். 'நீ போயிட்டு வாம்மா, எனக்குக் கூட்டம் ஒத்துக்காது'ன்னான். ரெண்டு நாள் போய் இருந்தனுங்க. ரெண்டு நாளும் போன் பண்ணலைங்க நான். திரும்பி வந்ததும் மாத்திரை அட்டையைத்தான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. சரியா ரெண்டு நாளுக்கு உண்டானது கொறஞ்சிருந்துச்சு. வெளிய வந்தா அவங்கப்பனும் அவனும் திண்ணையில உக்காந்து மாட்டைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கலைங்க. பொண்ணு வீட்டுல போட்ட பந்தியைப் பத்திச் சொல்லிட்டே போய் உக்காந்துட்டேன்."