ஸ்பேன்டு ரெக்கார்டு: தமிழில் குளகப் பதிவு

மெயின்பிரேம் எனும் பெருங்கணினியின் கோப்பு வடிவங்களுள் ‘விபிஎஸ்’ (வேரியபிள் பிளாக்டு ஸ்பேன்டு) ஒன்று. அதன் கடைசி எழுத்து ‘ஸ்பேன்டு’ என்பதைக் குறிக்கிறது. (‘எஃப்பிஎஸ்’ என்ற இன்னொரு வடிவத்தில் வரும் எஸ் வேறு; அது ‘ஸ்டாண்டர்டு’. புதியவர்கள் இடறும் இடம்.)

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பேன்’ என்பது விரித்த கையின் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட நீளம். சாட்சாத் நம் சாண்தான். பின்னர் பாலத்தின் இரு தூண்களுக்கு நடுவேயுள்ள வெளிக்கும் அதுவே பெயராயிற்று. அதை நாம் ‘கண்’ என்கிறோம். கணினியில், ஒரு தொகுதியில் (பிளாக்) இடம் போதாத பதிவு (ரெக்கார்டு) அடுத்த தொகுதிக்கும் நீளுவதே ஸ்பேன்டு.

தொகுதியின் அளவு 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் 32,760 வரை போகலாம். முதல் 4 பைட்டில் தொகுதியின் நீளம். அடுத்து 60 பைட் தரவுள்ள ஒரு பதிவு. அதன் முன்னே நீளம் முதலிய குறிப்புகள் கொண்ட தலைப்பு (ஹெடர்) 4 பைட். மிச்சம் 32. இப்போது 200 பைட் தரவுள்ள பதிவு வருகிறது. தலைப்புக்கு 4 போக, 28 பைட் இங்கே அடங்கும். அடுத்த தொகுதியில் 92, அதற்கடுத்ததில் 80. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். இங்கே துண்டுக்குத் துண்டு சிரசு உண்டு.

அந்தத் தலைப்பின் மூன்றாம் பைட்டில் இரண்டு பிட்டுகள். ஒன்று ‘எனக்கு முன்னே துண்டு உண்டு’ என்கிறது. மற்றது ‘பின்னே உண்டு’ என்கிறது. ஆகவே முதல் துண்டு 01, இடைத்துண்டு 11, கடைத்துண்டு 10. முழுப் பதிவுக்கு 00.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நீள்பதிவு’ பொருந்தாது, தொகுதியின் ஓரத்தில் விழுந்தால் சின்னப் பதிவும் உடையும். ‘தொகுதி தாவிய பதிவு’ என்றால் தேர்தல் வேட்பாளர் நினைவுக்கு வருகிறார். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தனித்து நின்று பொருள் முடியும் பாட்டை முத்தகம் என்கிறது. பல பாட்டுகள் தொடர்ந்து ஒரே வினையால் முடிந்தால் குளகம். 00 முத்தகம், 01, 11, 10 சேர்ந்தது குளகம். எனவே ‘குளகப் பதிவு’ என்பதே என் தேர்வு. வினை வரும்வரை குளகத்தின் பொருள் முடியாது. 10 வரும்வரை பதிவும் முடியாது.