ஆங்சைட்டி: பதட்டமா, பதற்றமா?

"எனக்கு ஆங்சைட்டியா இருக்கு" என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். தேர்வு, வேலை, கடன், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று எதுவாக இருந்தாலும் இந்த ஒரே சொல்தான். சொல்வதில் தப்பில்லை, வாய்விட்டுச் சொல்வதே நல்லது. ஆனால் இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்தச் சொல் வந்த வழி. லத்தீனில் 'ஆங்கெரே' என்றால் நெரித்தல், இறுக்குதல். அதிலிருந்து வந்ததுதான் ஆங்சைட்டி. ஜெர்மன்காரர்கள் அச்சத்துக்குச் சொல்லும் 'ஆங்ஸ்ட்' இதே குடும்பம், நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் சொல்லும் 'ஆஞ்சைனா'வும் சொந்தக்காரச் சொல்தான். ஆக, இந்தச் சொல் பிறந்தபோதே அதற்குள் ஒரு தொண்டையும் ஒரு நெஞ்சும் இருந்தன. (ஆஞ்சைனா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நெஞ்சு வலித்து, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினால் "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.)

தமிழிலும் நாம் இதை உடம்பை வைத்துத்தான் சொல்லி வந்திருக்கிறோம். நெஞ்சு படபடங்குது, வயிற்றைக் கலக்குது, கை கால் பதறுது, தொண்டை அடைக்குது. 'கலக்கம்' என்ற சொல்லே தெளிந்த தண்ணீரைக் கலக்கிவிட்ட மாதிரி. பழைய சொல் ஒன்று இருக்கிறது, அலமரல். "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்கிறது தொல்காப்பியம், அந்த ரெண்டு சொல்லுக்கும் சுழல்வது என்றுதான் பொருள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து, ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. புழக்கத்தில் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

சரி, இன்றைக்கு எதைச் சொல்வது? என் தீர்ப்பு பதற்றம். பதட்டம் அல்ல. மாறு மாற்றம், ஏறு ஏற்றம், தடுமாறு தடுமாற்றம் என்று வருவது போல, பதறு என்ற வினையிலிருந்து வருவது பதற்றம். பேச்சில் பதட்டம் என்று வருவதை நான் திருத்தப் போவதில்லை, எழுதும்போது பதற்றம் என்றே எழுதுங்கள். அதுவே நோயாகிவிட்ட நிலைக்குப் பதற்றக் கோளாறு என்ற சொல் இருக்கிறது, நல்ல சொல். கவலை வேறு: நாளைக்குக் கட்ட வேண்டிய கடனை நினைத்தால் வருவது கவலை, காரணம் கையில் அகப்படாமலேயே உடம்பு ஓடத் தயாராக நிற்பது பதற்றம். மன அழுத்தம் என்பதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரெஷனுக்கும் சேர்த்துப் போட்டுக் குழப்புகிறார்கள். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்று தனிச்சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் தேவையே இல்லை. எந்தக் கஷ்டம் என்று சரியாகச் சொல்ல முடிந்தால்தானே சரியான உதவி கிடைக்கும்.

அடுத்து, பதற்றத்தைத் தணிக்கும் வழிகள் என்று எங்கே போனாலும் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'ஹோலிஸ்டிக்'. கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுமை, நம்மிடம் புழங்கும் 'சர்வ' என்ற வடசொல்லுக்கு உறவு. இதை வைத்து ஹோலிசம் என்ற சொல்லை உண்டாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் பிரதமராக இருந்த யான் ஸ்மட்ஸ், 1926-இல் வந்த தன் புத்தகத்தில். அவர் அங்கே பேசியது பரிணாமத்தைப் பற்றி, மருத்துவத்துக்குள் இந்தச் சொல் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. 'முழுமையான' என்று போட்டால் போதும். ஆனால் உடலையும் மனத்தையும் பிரிக்காமல் பார்ப்பதற்கு நாம் 1926 வரை காத்திருக்கவில்லை. அச்சம், அழுகை, வெகுளி, உவகை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொல்காப்பியம் வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உணர்ச்சி என்பது மெய்யில் வந்து படுவது.

மெய்யில் படுவதை மெய் வழியாகவே தணிக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது கொஞ்சம் குறையும், மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. அதனால்தான் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடச் சொல்கிறார்கள். நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது, காபியைக் குறைப்பது எல்லாம் தெரிந்தவைதான். பதற்றம் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் 14416-க்குக் கூப்பிடலாம், அரசின் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் சேர்த்துச் சொல்ல நமக்கு ஒரு சொல் இருக்கிறது, ஆற்றுதல். சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், பசியாறலாம், இளைப்பாறலாம். தானாக நடந்தால் ஆறுதல், நாம் செய்தால் ஆற்றுதல். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகவே இருந்தார். யார் என்ன சொல்லியும் காதில் ஏறவில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்து, ரெண்டு டம்ளர் எடுத்து, பாலை மேலே தூக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஆற்றினார், அவசரமே இல்லாமல், ஏழெட்டுத் தடவை. அந்தப் பால் இறங்குவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கும்போது முந்தானையை விட்டிருந்தார்.