வெளுக்க மருந்து கேட்பவர்களுக்கு

நாகர்கோவிலில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம், "டாக்டரே, பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்கு, கொஞ்சம் வெளுக்க எதாவது எழுதித் தரணும்" என்று வாரந்தோறும் யாராவது ஒரு தாய் கேட்கிறார். சென்ற மாதம் வந்த 19 வயதுப் பெண், ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானே வாங்கி 8 மாதமாகப் பூசியிருந்தார். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, சிவந்த இரத்தக் குழாய்கள் நூல்நூலாகத் தெரிந்தன.

அவருடைய தாயிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நம் மனித இனம் தோன்றியது ஆப்பிரிக்காவில். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த மனித எலும்புகளின் வயது சுமார் 3,00,000 ஆண்டுகள். ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்களின் வழிவந்தவர்களே இன்று பிற கண்டங்களில் வாழும் மக்கள். கடல்மட்டம் தாழ்ந்து இலங்கை நம் நிலத்தோடு ஒட்டிக்கிடந்த காலத்தில், அங்குள்ள பாஹியன் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் எலும்பில் அம்புமுனை செய்து குரங்கு வேட்டையாடினர். குமரிமுனையில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்களின் நினைவு வரும்.

ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது நம் முன்னோரின் தோல் கறுப்பு. தோலுக்குக் கறுப்பு தரும் நிறமியான மெலனின், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைத் தடுத்து, உடலின் ஃபோலேட் சத்து சிதையாமல் காக்கிறது. அந்தச் சத்து குறைந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாகாமல் போகலாம். நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே, ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் மாவட்டத்தில் இந்தக் காப்பு எவ்வளவு பெரிய சொத்து என்பதை எண்ணிப் பாருங்கள். வெயில் குன்றிய வடக்கில் குடியேறியவர்களிடையே, வைட்டமின் டி உற்பத்திக்கு ஏதுவான வெளிர்நிற மரபணு மாற்றங்கள் பரவின; அதுவும் மிகத் தாமதமாகத்தான். இங்கிலாந்தின் செடார் பகுதிக் குகையில் 1903-இல் எலும்புக்கூடாகக் கிடைத்த மனிதர் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரது தோலும் கறுப்பாகவே இருந்திருக்கும் என்று மரபணு ஆய்வு காட்டியது.

இப்படி வந்த நிறத்தைத்தான் நோயென்று எண்ணிக் களிம்பு தேடுகிறோம். ஏற்கெனவே பூசுபவர்கள் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். அதைத் தாங்காமல் பலர் மீண்டும் அதே களிம்புக்கே போகிறார்கள். ஆகவே தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி விடுவதே நல்லது. அந்தப் பெண்ணுக்குத் தேறச் சில மாதங்கள் ஆகும்; முகம் பிறந்த நிறத்துக்கே திரும்பும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.