கட்டம் மட்டும் போதாது: குறைந்த செலவில் வழி தேடும் கணக்கு

எரிக் வாஸ்டல் என்ற அமெரிக்க நிரலாளர் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் ‘அட்வென்ட் ஆஃப் கோட்’ என்ற பெயரில், நாளுக்கொன்றாக நிரல் புதிர்களை வெளியிட்டு வருகிறார். கட்டங்களின் மீது வழி தேடும் புதிர்களுக்கு அதில் பஞ்சமே இல்லை. வழிதேடல் அல்காரிதம் கற்க வருகிற யாருக்கும் அவற்றில் 2023 டிசம்பர் 17 அன்று வந்ததைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பாடத்தில் படித்ததை அப்படியே எழுதினால் இதற்குத் தவறான விடை வரும். ஏன் தவறாகிறது என்று பிடிபட்டுவிட்டால், அந்த அல்காரிதம் எந்த அஸ்திவாரத்தில் நிற்கிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

புதிர் இதுதான். சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஓர் எண். எரிமலைக் குழம்பு நிரம்பிய கொப்பரையை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கட்டத்துக்குள் நுழைந்தால், அதிலுள்ள எண்ணின் அளவுக்கு வெப்பம் போய்விடும். புறப்படும் கட்டத்துக்கு இழப்பு இல்லை. கொப்பரையை ஓட்டுவதும் சிரமம்: ஒரே திசையில் மூன்று கட்டங்களுக்கு மேல் நேராகப் போக முடியாது, இடமோ வலமோ திரும்பியே ஆக வேண்டும். வந்த வழியே பின்வாங்கவும் முடியாது. மொத்த வெப்ப இழப்பு குறைந்தபட்சம் எவ்வளவு?

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே செலவு என்றால் வேலை சுலபம். ஓரடியில் எட்டக்கூடிய கட்டங்கள், பிறகு ஈரடியில் எட்டக்கூடியவை என்று ஒரு க்யூவில் போட்டு அடுக்கடுக்காகப் பரவினால், இலக்கை முதன்முதலில் தொடும் வழியே மிகக் குட்டையானது. எட்வர்ட் மூர் 1959இல் வெளியிட்ட, சிக்கலான பாதைகளில் குறுகிய வழி தேடும் ஆய்வுக் கட்டுரையில் இருப்பது இந்த முறைதான். செலவு கட்டத்துக்குக் கட்டம் மாறும்போது டைக்ஸ்ட்ரா அல்காரிதம் வேண்டும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதமும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்து முடித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959இல்.

அவர் முறையில் க்யூவுக்குப் பதில் முன்னுரிமை வரிசை. காத்திருப்பவற்றில் இதுவரையான செலவு எதற்கு மிகக் குறைவோ, அதையே முதலில் எடுப்போம். எடுத்த கட்டத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. அதற்கு அதைவிட மலிவான வழி இனி வராது, ஏனென்றால் எந்தக் கட்டத்திலும் செலவு எதிர்மறையாக இல்லை. பிறகு அதே கட்டத்துக்கு அதிகச் செலவில் வேறு வழி வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். இப்படித் தூக்கிப் போடுவதால்தான் அல்காரிதத்துக்கு வேகம். நம் புதிரில் விடை தப்புவதும் இங்கேதான்.

புதிரோடு தரப்பட்ட 13-க்கு-13 எடுத்துக்காட்டின் முதல் இரண்டு வரிசைகளைப் பாருங்கள்:

2 4 1 3 4 3 2 3 1 1 3 2 3
3 2 1 5 4 5 3 5 3 5 6 2 3

முதல் வரிசையின் ஆறாவது கட்டத்துக்குப் போக வேண்டும். நேராகவே போனால் 15தான், ஆனால் ஐந்தடி நேராகப் போக அனுமதி இல்லை. விதிக்கு உட்பட்டு மலிவான வழி: கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று, வலப்பக்கம் மூன்று. 3+2+1+1+3+4+3, ஆக 17. இன்னொரு வழி: வலப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று, வலப்பக்கம் மூன்று, மேலே ஒன்று. 4+1+1+5+4+5+3, ஆக 23. ஆறு அதிகம். டைக்ஸ்ட்ராவை வெறும் கட்டங்களின் மேல் ஓட்டினால் 23ஐ யோசிக்காமல் எறிந்துவிடும்.

இப்போது அங்கிருந்து இரண்டாம் வரிசையின் ஒன்பதாவது கட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 17இல் வந்தவர் வலப்பக்கம் மூன்றடி தீர்ந்துபோய் நிற்கிறார். மேலே கட்டம் இல்லை, கீழேதான் இறங்க வேண்டும்: 22. பிறகு வலப்பக்கம் 3, 5, 3, மொத்தம் 33. அவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. 23இல் வந்தவரோ கீழிருந்து ஏறி வந்தவர். வலப்பக்கம் மூன்றடியும் அவரிடம் முழுசாக மிச்சம். 2, 3, 1 என்று போய், 3 உள்ள கட்டத்தில் இறங்குகிறார்: 32. ஆறு பின்தங்கியிருந்தவர் ஒன்று முந்திவிட்டார். புதிரில் தரப்பட்ட மிகச் சிறந்த பாதை, மொத்தம் 102, இந்த 23 வழியாகத்தான் போகிறது.

அதிகச் செலவில் வந்ததை எறிவது எப்போது நியாயம்? இருவர் ஒரே இடத்தில் இருந்தால் இருவருக்கும் முன்னே உள்ள வாய்ப்புகளும் ஒன்றாக இருக்கும்போது மட்டும். ஒரே பஸ் ஸ்டாண்டில் இருவர் நிற்கிறார்கள், ஒருவர் பையில் டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறது, மற்றவர் பை காலி என்றால், அவர்களை ஒரே நிலையில் இருப்பவர்களாகக் கணக்கில் எடுக்க முடியாது. அல்காரிதம் ஓடுவது கிராஃபின் மேல், அதாவது கணுக்கள் என்ற புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வலையின் மேல். ஆகவே வெறும் கட்டத்தைக் கணுவாக வைக்கக் கூடாது. கட்டம், வந்த திசை, அந்தத் திசையில் எத்தனை அடி ஆகிவிட்டது ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கணு. 169 கட்டங்கள், 4 திசை, 3 அடி: அதிகபட்சம் 2,028 கணுக்கள். டைக்ஸ்ட்ராவில் ஒரு வரிகூட மாற வேண்டாம். எதைக் கணு என்கிறோம் என்பது மாறினால் போதும், 102 வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் சுருக்கம். அடியடியாக நகராமல், ஒரே தாவலில் 1, 2 அல்லது 3 கட்டம் போய், உடனே திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடந்த கட்டங்களின் எண்களைத் தாவலின் செலவாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை அடி ஆயிற்று என்று நினைவில் வைக்கத் தேவையில்லை. கடைசித் தாவல் கிடையா, நெடுக்கா என்பது மட்டும் போதும். கணுக்கள் 338 ஆகிவிடும். தொடக்கத்தில் முதல் கட்டத்தை இரண்டு விதமாகவும் முன்னுரிமை வரிசையில் போட்டுவிட வேண்டும். இதுவரையான செலவோடு, இலக்குவரை மீதி எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் கூட்டிப் பார்க்கும் ஏ-ஸ்டார் முறையையும் (1968இல் வந்தது) சிலர் இதில் சேர்ப்பார்கள். மீதித் தூரத்துக்குக் கட்டத்துக்கு 1 என்றுதான் இங்கே பயமின்றி மதிப்பிட முடியும் என்பதால், லாபம் சொற்பம்.

தாவல் முறையின் அருமை புதிரின் இரண்டாம் பாகத்தில் தெரியும். அங்கே பெரிய கொப்பரை: குறைந்தது 4, அதிகபட்சம் 10 கட்டம் நேராகப் போக வேண்டும், இலக்கில் நிற்பதற்கும் அதே 4 பொருந்தும். நம் நிரலில் 1–3 என்பதை 4–10 என்று மாற்றினால் 94 என்ற விடை கிடைத்துவிடும். அடியடியாக நகர்த்தி எழுதியவர்கள் நிற்கும் விதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதைச் சோதிக்கவே புதிரில் இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது: ஐந்து வரிசை, பன்னிரண்டு பத்தி, மேல் வரிசையும் வலது ஓரமும் 1, மற்றதெல்லாம் 9. விதியை மறந்தால் வலப்பக்கம் பத்து, கீழே நான்கு, கடைசியில் ஒற்றை அடி என்று 47 வரும். சரியான விடை 71: வலப்பக்கம் ஏழு, கீழே நான்கு, மீண்டும் வலப்பக்கம் நான்கு.