ஜெபம் பண்ணா மனசு ஏன் லேசாகுது? கழுத்துக்குள்ள நடக்கிற கதை

"தினமும் நாமஜெபம் பண்றேன், முடிச்சதும் படபடப்பு அடங்கிடுது, இது நெஜமாவே உடம்புல நடக்குதா இல்ல என் நம்பிக்கை மட்டும்தானா?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. உடம்புலதாங்க நடக்குது, அதுவும் ரொம்ப அழகா நடக்குது.

மூச்சை இழுத்தா இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விட்டா குறையும், மூளைத்தண்டுலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்போட வேலை அது. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 மூச்சு. இப்ப ஒரு ஜெபவரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, வார்த்தை வர்றதே மூச்சு வெளிய போகும்போதுதான், அதனால வரி முடியற வரைக்கும் மூச்சு நீளமா போய்க்கிட்டே இருக்கும், முடிஞ்சதும் ஒரு இழுப்பு, உடனே அடுத்த வரி. யாரும் சொல்லித் தராமலே மூச்சு நிதானத்துக்கு வந்துடும்.

2001ல இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழு 23 பேரை வச்சு இதை அளந்துச்சு. லத்தீன்ல ஜெபமாலை சொன்னாலும் சரி, 'ஓம் மணி பத்மே ஓம்'ங்கிற மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 6க்கு வந்துடுச்சு.

அந்த 6லதான் விஷயமே இருக்கு. நம்ம ரத்த அழுத்தம் ஒரே அளவுல நிக்காது, சுமார் 10 செகண்டுக்கு ஒருதடவை தானா ஏறி இறங்கும். கழுத்துல, தலைக்கு ரத்தம் கொண்டுபோற கரோடிட் ரத்தக்குழாய் ரெண்டா பிரியற இடத்துல, சுவருக்குள்ளயே நரம்பு முனைகள் இருக்கு, அழுத்தம் ஏறி சுவர் விரிஞ்சா அதுங்க மூளைத்தண்டுக்கு சேதி அனுப்பும், மூளைத்தண்டு இதயத்தை மெதுவாக்கி ரத்தக்குழாய்களையும் தளர்த்தும். இதயம் உடனே கேட்டுக்கும், ரத்தக்குழாய் சில செகண்ட் கழிச்சுத்தான் கேக்கும், அந்தத் தாமதத்தாலதான் இந்த 10 செகண்ட் அலையே வருது. நிமிஷத்துக்கு 6 மூச்சுன்னா ஒரு மூச்சுக்கும் அதே 10 செகண்ட்! ஊஞ்சலை அதோட தாளத்துக்கே தள்ளுன மாதிரி ரெண்டு அலையும் சேர்ந்துக்குது, துடிப்போட ஏற்ற இறக்கம் பெருசாகுது, அழுத்தத்தைச் சரிபண்ற அந்த அனிச்சைச் செயலும் கூர்மையாகுது. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அலுக்கலை.

இதுல எந்த சாமி பேர் சொல்றீங்கன்னு மூச்சுக்கு அக்கறையில்ல. ஆனா மனசுக்கு இருக்கு. கென்னத் பார்கமென்ட்ங்கிற உளவியலாளர் பல வருஷமா ஆராய்ஞ்சது இதைத்தான்: கஷ்டத்துல 'கடவுள் கூட இருக்கார்'னு நினைக்கிறவங்களுக்கு அது தெம்பு, 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார்'னு நினைக்கிறவங்ககிட்ட மனச்சோர்வு அதிகமாவே தெரியுது. அதனாலதான் மனநோய் வந்தவங்களைப் பாத்து 'பக்தி பத்தல, பாவத்தோட பலன்'னு சொல்றவங்க மேல எனக்கு அவ்ளோ கோவம், நோயாளி தலையில இன்னொரு பாரத்தை ஏத்துறாங்க. படபடப்பு அடங்குறது வேற, நோய் குணமாகுறது வேற, டாக்டர் குடுத்த மாத்திரையை ஜெபத்தை நம்பி நிறுத்தாதீங்க. கண்ணை மூடி உக்காந்தா பயமோ பழைய கெட்ட நினைப்போ கூடுற ஆளுங்களும் உண்டு, அப்படின்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மூச்சுக்கு யாரும் பேடன்ட் வாங்க முடியாது, அதனால மருந்துக் கம்பெனி இதுல காசு போடாது, அரசாங்கப் பணம்தான் வரணும். மனச்சோர்வு உள்ளவங்களை ரெண்டு குழுவா பிரிச்சு, ரெண்டுக்கும் வழக்கமான சிகிச்சையோட அதே 6 மூச்சு, ஒரு குழு தனக்குப் பிடிச்ச ஜெபம் சொல்லட்டும், இன்னொண்ணு வெறும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணட்டும், ஒரு வருஷம் பின்தொடர்ந்து பாக்கணும். அப்படி ஒரு பெரிய ஆய்வுக்கு என் வரிப்பணம் போனா சந்தோஷமா குடுப்பேன்.