பழைய கிட்டார் ஆம்ப்பின் போர்டை உருவிப் போடும் முன்

"போர்டு போயிடுச்சு, உள்ளே இருக்கிறதை எல்லாம் உருவிட்டு புதுசா ஒரு மாட்யூல் போட்டுக் கொடுங்க." கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பழைய ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மாட்யூல் என்றால் ரெடிமேடாகக் கிடைக்கும் ஆம்ப் போர்டு. போன மாதம் வந்த ஒன்றில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் பாதியாகக் குறையும், பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் திரும்பிவிடும். பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தது, வெளிக் கருவி மாட்டுவதற்காக ஒலி சென்ட் ஜாக்கில் வெளியே போய் ரிட்டர்ன் ஜாக்கில் திரும்பி வரும் வழி. அந்த இரண்டு ஜாக்கையும் ஒரு குட்டி கேபிளால் இணைத்தேன். முழுச் சத்தமும் வந்தது. கேபிள் செருகாதபோது ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய தகடுகள் கறுத்துப்போயிருந்தன. ஒரு ஜாக்குக்காக நல்ல போர்டு முழுவதும் குப்பைக்குப் போயிருக்கும்.

அதனால் கிட்டார் ஒலியைச் சீர்செய்யும் முன்பகுதி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதி, இந்த இரண்டில் எந்தப் பாதி செத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சத்தமே வராத ஆம்ப்பில் ரிட்டர்ன் ஜாக் இருந்தால் கிட்டாரை நேராக அதில் செருகுங்கள். மெல்லியதாகவாவது கேட்டால் பவர் பகுதிக்கு உயிர் இருக்கிறது, கோளாறு முன்பகுதியில். நாப் திருப்பினால் கரகரவென்றால் உள்ளே தூசியும் தேய்மானமும்தான். கான்டாக்ட் கிளீனர் போதும். வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அதே அளவில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களைத்தான். இருபது, முப்பது வருடத்தில் அவை உள்ளே காய்ந்துபோவது சகஜம். அந்த இரைச்சல் மின்சாரத்தின் அதிர்வெண்ணைவிட இரு மடங்கு, 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் இருக்கும்.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் தயவுசெய்து பெரிய பியூஸ் போடாதீர்கள். அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, மின்சார லைனில் தொடராக ஒரு 60 வாட் இழை பல்பை மாட்டி ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசம் குறையவே இல்லையென்றால் எங்கோ ஷார்ட். அப்புறம் ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை. 30 வோல்ட் காட்டுகிற முனையில் ஸ்பீக்கரை மாட்டினால் காயில் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்ஜியத்தைப் பார்த்த பிறகே கை வையுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மாட்யூல் மாற்றியவர்கள் அப்புறம் வந்து "சத்தம் இருக்கு, ஆனா உயிர் இல்லை" என்கிறார்கள். அது பிரமை இல்லை. பல கிட்டார் ஆம்ப்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை நேராக கிரவுண்டுக்குப் போகாது. மிகச் சின்ன மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். அங்கே எழும் வோல்ட்டேஜ் ஃபீட்பேக்காக ஆம்ப்புக்கே திரும்பும். இதனால் ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தளர விடுகிறது. அடித்தொனி திரள்கிறது, மேல்தொனி மின்னுகிறது. பாட்டு கேட்பதற்காகச் செய்த மாட்யூல் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்கும், கிட்டார் வறண்டு ஒலிக்கும். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ட்ரான்சிஸ்டர் ஆம்ப்தான். அந்த ஒலிக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ட்ரான்சிஸ்டர்தானே என்று எந்தப் பழைய போர்டையும் இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, எப்போது உருவலாம்? போர்டு கரியாகிவிட்டால். கருகிய இடமே மின்சாரத்தைக் கடத்தும். அதன் மேல் எவ்வளவு சால்டர் வைத்தாலும் நிற்காது. அந்தக் கம்பெனிக்கென்றே செய்த சிப் போய், சந்தையில் போலி மட்டுமே கிடைத்தாலும் வேறு வழியில்லை. அப்போதும் பெட்டி, ஸ்பீக்கர், ஸ்பிரிங்கால் எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவர்ப், நன்றாக இருக்கும் முன்பகுதி எதையும் தொடாதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் தரும் ஏசி வோல்ட்டேஜை 1.4ஆல் பெருக்கினால் டிசி எவ்வளவு என்று தெரியும், அதைத் தாங்கும் மாட்யூலைத் தேர்ந்தெடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் 20-0-20 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 20 வோல்ட் ஏசி) என்றால் டிசி இரு பக்கமும் சுமார் 28 வோல்ட். எல்எம்3886 என்ற ஆம்ப் சிப்புக்கு அது வசதியான அளவு.

கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போர்டை ஒரு பையில் போட்டு, காற்றோட்டத்தை மறைக்காமல் பெட்டியின் அடியிலேயே கட்டி வையுங்கள். அடுத்து அதைத் திறக்கிறவருக்கு அது தேவைப்படும்.