பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை: ஏழாம் மாதமே பேசி வைத்துவிடுங்கள்

அரசு மருத்துவமனையில் கருத்தடை இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். எதை எந்தக் கெடுவுக்குள் கேட்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பிரசவ வார்டில் விசாரித்தால், நேரமில்லாத நர்ஸ் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்த அப்புறத்துக்குள் கெடு முடிந்துவிடும்.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போட வேண்டுமானால் நஞ்சுக்கொடி விழுந்தவுடன், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 7 நாள் கெடு, தாண்டினால் அதற்கும் ஆறு வாரம். சிசேரியன் என்றால் அப்போதே முடித்துவிடலாம். சுகப்பிரசவம் என்றால்தான் சிக்கல்: மயக்க டாக்டர் இல்லை, ஆபரேஷன் நாள் இன்றில்லை என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். ஆகவே ஏழாம் மாத செக்கப்பிலேயே ஆபரேஷன் நாள் எது என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தைத் தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் அலைய வைப்பது இன்னொன்று. "வீட்டுக்காரர் வந்து ஒப்பு போடணும்" என்பார்கள். தூத்தூர், குளச்சல் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்காகும், வளைகுடாவில் இருப்பவர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதம் கட்டாயமில்லை என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. படிவத்தில் கணவர் பெயர் கேட்பார்கள், சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையது போதும்.

தகுதியில் தடுக்கி விழும் இடம் வயது. ஆபரேஷனுக்கு 22 முதல் 49 வயது வரை இருக்க வேண்டும், ஒரு குழந்தைக்காவது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். பத்தொன்பதில் கல்யாணம், 21-இல் இரண்டாவது பிள்ளை என்றால் திருப்பி அனுப்புவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, அப்போதைக்கு காப்பர் டி கேளுங்கள். ஆதாரில் வயது குறைவாக ஏறியிருந்தால் பிரசவத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

பால் கொடுக்கும்போது கரு தங்காது என்பது பாதி உண்மைதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தும், மாதவிடாய் திரும்பாமலும் இருந்தால் மட்டுமே அதை நம்பலாம். பால் பவுடர் தொடங்கியாயிற்றா? அந்தக் கணக்கு முடிந்தது.

சாயா என்ற கருத்தடை மாத்திரையைப் பால் கொடுப்பவர்களும் பிரசவமானதுமே தொடங்கலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் ஒன்று. அந்தரா என்ற கருத்தடை ஊசி ஆறு வாரம் கழித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று. மாலா-என் (Mala-N) என்ற கருத்தடை மாத்திரை பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை வேண்டாம். பெயர் மாறிக் கையில் வந்துவிடும், மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

தனியாரில் பிரசவமானாலும் பரவாயில்லை. ஆறு வாரம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர் டி இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, எனக்குக் கோபம் வரும் விஷயம். கேட்காமலே காப்பர் டி போட்டு அனுப்புவது. ஸ்கேன் எடுக்கப் போகும்போதுதான் சில பெண்களுக்கே தெரிகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் காப்பர் டி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 380-ஆ 375-ஆ என்றும் பாருங்கள், முன்னது 10 வருடம், பின்னது 5 வருடம். வேண்டாம் என்றால் எப்போது கேட்டாலும் எடுத்துவிட வேண்டும். "ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க" என்று மறுத்தால், மறுக்கும் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதவும் மறுத்தால் அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அங்கே நின்றபடியே போன் போடுங்கள்.